ஊர் சேர்ந்து கட்டும் மருத்துவக் காப்பீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மகளிர் குழுக் கூட்டமைப்பு ஒன்றில் காப்பீட்டுக் கணக்கு பார்க்கும் வேலையில் சில வருஷம் இருந்தேன். எந்த ஊரில் போய் உட்கார்ந்தாலும் கேள்விகள் அநேகமாக ஒன்றுதான், வரிசைதான் மாறும். அந்தக் கேள்விகளோடு, நம் நீலகிரிக் கூடலூரிலிருந்து ஆப்பிரிக்காவின் ருவாண்டா வரை இதைச் செய்து பார்த்தவர்களின் அனுபவத்தையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

இது சீட்டு மாதிரியா, மொய் மாதிரியா?

இரண்டும் இல்லை. சீட்டில் போட்ட பணம் எப்படியும் உங்கள் கைக்கு வரும். மொய் எழுதினால் நம் வீட்டு விசேஷத்தில் திரும்பும், எழுதாதவரை ஊர் பார்த்துக்கொள்ளும். காப்பீட்டில் போட்ட பணம் ஆஸ்பத்திரியில் படுத்தவருக்குப் போகும். படுக்காதவருக்கு எதுவும் வராது.

கம்பெனி பாலிசிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், விதிகளை யார் போடுகிறார்கள் என்பதில் இருக்கிறது. எவ்வளவு கட்டுவது, எந்த மாதம் கட்டுவது, எந்த ஆஸ்பத்திரி, எந்த நோய் சேர்த்தி என்பதையெல்லாம் உறுப்பினர்களே கூடி முடிவு செய்தால் அது ஊர்க் காப்பீடு. பின்னால் ஒரு கம்பெனி இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

இந்தியாவில் இது மூன்று விதமாக நடந்திருக்கிறது. சில இடங்களில் ஆஸ்பத்திரியே சந்தா வாங்கிக்கொண்டு வைத்தியம் பார்க்கும். சில இடங்களில் சங்கமே நிதி வைத்துக்கொண்டு பில் கட்டும். தேனி மாவட்டம் கடமலைக்குண்டு பக்கம் தானம் அறக்கட்டளையின் ‘களஞ்சியம்’ என்ற மகளிர் சேமிப்புக் குழுக்கள் செய்தது அந்த வகை. மூன்றாவதில் சங்கம் நடுவில் நிற்கும்: மக்களிடம் வசூலித்துக் கம்பெனியிடம் கொடுத்து, செலவான பணத்தை (கிளெய்ம்) வாங்கித் தரும்.

நோயே வரவில்லை என்றால் கட்டின பணம் போச்சா?

போச்சு. கூட்டத்தில் இதைப் பூசி மெழுகிச் சொல்லி ஆள் சேர்த்தால் அடுத்த வருஷம் பாதிப் பேர் வரமாட்டார்கள்.

குஜராத்தில் சேவா அமைப்பு இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. இலா பட் 1972-ல் தொடங்கிய, அமைப்புசாராத் தொழிலாளப் பெண்களின் சங்கம் அது. 1992-ல் ‘விமோ சேவா’ என்று காப்பீடு தொடங்கியபோது, வருஷா வருஷம் சந்தா கட்டுவது ஒரு வழி என்றால், சேவா வங்கியில் ஒரு தொகையை நிரந்தர வைப்பாகப் போடுவது இன்னொரு வழியாக இருந்தது. வட்டி காப்பீட்டுக்குப் போகும், அசல் அப்படியே இருக்கும். ‘போட்ட பணம் போகவில்லை’ என்ற நிம்மதியும் கிடைத்தது, மறந்துபோய் விட்டுப்போவதும் குறைந்தது.

தலைக்கு எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும்?

உங்கள் ஊர்க் கணக்கைப் போட்டால்தான் தெரியும். ஒரு மாதிரிக் கணக்கு சொல்கிறேன், எண்களை உங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

1,000 பேர் சேர்கிறார்கள். வருஷத்தில் 40 பேர் படுக்கிறார்கள், சராசரி பில் 5,000 ரூபாய். மொத்தம் 2 லட்சம், தலைக்கு 200. கணக்கெழுதுகிறவருக்கும் பஸ் காசுக்கும் 30 சேர்த்தால் 230. இதுவரை சுலபம்.

அந்த 40 பேரில் இரண்டு பேருக்கு இதய ஆபரேஷன் என்று வையுங்கள், ஆளுக்கு ஒன்றரை லட்சம். கூடுதலாகக் கிட்டத்தட்ட 3 லட்சம் வேண்டும், வசூலித்ததே 2 லட்சத்து 30 ஆயிரம்தான். சிறிய நிதிகள் கவிழ்வது பெரும்பாலும் இப்படித்தான், திருட்டினால் கவிழ்வது அபூர்வம். அதனால்தான் ஊர்த் திட்டங்களில் ஒரு ஆளுக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு போடுவார்கள். இல்லையென்றால் பத்துச் சங்கங்கள் ஒன்றாகச் சேர வேண்டும், அல்லது பெரிய செலவை மட்டும் ஒரு கம்பெனியின் அல்லது அரசின் தலையில் ஏற்றிவிட வேண்டும்.

நோய் வந்த பிறகு சேர்ந்துகொள்ளலாமா?

கேட்காத ஊரே இல்லை. கேட்கிறவர்கள் ஏமாற்றுக்காரர்களும் இல்லை. மேலே சொன்ன 1,000 பேரில் 300 பேர் மட்டும் சேர்கிறார்கள், அவர்களில் ஏற்கெனவே உடம்புக்கு முடியாதவர்கள் அதிகம், 30 பேர் படுக்கிறார்கள் என்றால் செலவு ஒன்றரை லட்சம். தலைக்கு 200 என்பது 500 ஆகும். 500 என்றதும் திடகாத்திரமாக இருப்பவர் விலகுவார். அடுத்த வருஷம் 700. பிறகு திட்டமே இருக்காது.

இதைத் தடுக்கக் கம்பெனிகள் ‘ஏற்கெனவே உள்ள நோய்க்குக் கிடையாது’ என்று எழுதிவைக்கும். ஊர்த் திட்டங்கள் வேறு வழி பிடித்தன: தனி ஆளாகச் சேர முடியாது, கூட்டமாகத்தான் வரணும். மகாராஷ்டிராவில் வார்தா அருகே சேவாகிராமத்தில் கஸ்தூர்பா ஆஸ்பத்திரி நடத்திய திட்டத்தில், ஊரின் ஏழைக் குடும்பங்களில் முக்கால்வாசி சேர்ந்தால்தான் அந்த ஊருக்கே காப்பீடு.

எனக்கு மிகவும் பிடித்தது உகாண்டாவின் கிசீசி ஆஸ்பத்திரி செய்ததுதான். அந்த மலைப் பகுதியில் ‘எங்கோசி’ என்று ஊர்ச் சங்கங்கள் உண்டு. ரோடு இல்லாத ஊரிலிருந்து நோயாளியைத் தூக்குக் கட்டிலில் வைத்து முறை போட்டுச் சுமந்து ஆஸ்பத்திரியில் சேர்ப்பது அவர்கள் வேலை. நம் மலைக் கிராமங்களில் டோலி கட்டித் தூக்குவார்களே, அதேதான். 1996-ல் காப்பீடு தொடங்கியபோது ஆஸ்பத்திரி புதிதாக எந்தக் குழுவையும் உருவாக்கவில்லை. தூக்கிக்கொண்டு வரும் அந்தச் சங்கங்களிடமே, சங்கமாகச் சேருங்கள் என்றது. தோள் கொடுக்கிறவனுக்குப் பணம் கொடுக்கும் காரணத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

வருஷத்தில் எப்போது வசூலிக்கலாம்?

வீட்டில் பணமோ தானியமோ இருக்கும்போது. கேட்டால் அற்பமாகத் தோன்றும். ஆனால் நான் பார்த்தவரை ஒரு திட்டம் நிலைக்குமா என்பதைப் பிரீமியத் தொகையைவிட இதுதான் முடிவு செய்கிறது. காப்பீடு என்பதே காசின் நேரத்தை மாற்றுகிற வேலைதானே? நோய் தேதி பார்த்து வருவதில்லை, கிராமத்தில் பணம் தேதி பார்த்துத்தான் வரும்.

அலுவலகத்தில் உட்கார்ந்து திட்டம் போடுகிறவர்களுக்கு ஏப்ரல் 1 வருஷப் பிறப்பு. மார்ச் கடைசிக்குள் பிரீமியம் கட்டு என்பார்கள். மானாவாரிக் காட்டில் தை, மாசியில் பயறோ பருத்தியோ விற்ற காசு மார்ச் கடைசியில் எங்கே இருக்கும்? கடைக்காரன் கணக்கில் போயிருக்கும்.

சேவாகிராமத்தில் இதற்குச் சோளத்தையே சந்தாவாக வாங்கினார்கள். அறுவடை முடிந்ததும் களத்திலிருந்து அளந்து கொடுக்க வேண்டும், நிலம் அதிகம் உள்ளவர் அதிகம், கூலிக்காரர் குறைவு. திட்டத்துக்கே சோளக் காப்பீடு என்றுதான் பெயர். கொள்முதல் விலை தெரிந்த தானியம் இருக்கும் ஊரில் இன்றைக்கும் இது நடக்கும்.

ருவாண்டாவில் பணமாகத்தான் கட்ட வேண்டும். அதற்காக ‘இபிமினா’ என்ற சிறு சேமிப்புக் குழுக்களில் வாராவாரம் கொஞ்சம் போட்டு, குடும்பம் முழுவதற்கும் உரிய தொகை சேர்ந்ததும் கட்டினார்கள். தினக்கூலிக் குடும்பங்களுக்கு ஒரே மூச்சில் ஐந்து பேருக்குக் கட்டச் சொல்வதைவிட இது எவ்வளவோ மேல். நம் குழுக்களில் மாதச் சந்தாவோடு பத்து இருபது கூடுதலாக வாங்கி நோட்டில் தனிக் கட்டத்தில் எழுதினாலே போதும்.

முதலில் நாமே பில் கட்டிவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்வதா, ஆஸ்பத்திரியிலேயே கழித்துக்கொள்வார்களா?

முதலாவது முறை என்றால் யோசித்துச் சேருங்கள்.

எங்கள் குழுவில் ஒரு அக்கா. டைபாய்டு காய்ச்சல், நாலு நாள் படுக்கை, பில் 6,000 ரூபாய். கையில் இல்லை. நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய் வட்டிக்கு வாங்கிக் கட்டினார். கிளெய்ம் போட்டோம். டிஸ்சார்ஜ் தாளில் கணவர் பெயரின் முதலெழுத்து விட்டுப்போயிருக்கிறது, ரேஷன் கார்டில் வயது வேறு, மருந்து ரசீது ஒன்றில் முத்திரை இல்லை என்று மூன்று முறை திரும்பி வந்தது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் டவுனுக்குப் பஸ், ஒரு நாள் கூலி. நாலாவது மாதம் பணம் வந்தது. அதற்குள் வட்டி மட்டும் 1,200 ஆகியிருந்தது. காப்பீட்டுக் கணக்கில் அவர் ‘பயனாளி’. அவரைக் கேட்டால் வேறு கணக்குச் சொல்வார். மறு வருஷம் அவர் சேரவில்லை, நானும் வற்புறுத்தவில்லை.

விமோ சேவாவிலும் தொடக்கத்தில் இதுதான் முறை, முதலில் கட்டிவிட்டுப் பிறகு வாங்குவது. அகமதாபாத் நகரத்துப் பெண்களைவிடக் கிராமத்துப் பெண்கள் குறைவாகவே கிளெய்ம் செய்தார்கள். ஒரே சந்தா கட்டிவிட்டு, ஆஸ்பத்திரிக்கு அருகில் இருப்பவர் பயன்படுத்த, தூரத்தில் இருப்பவர் அதற்குப் பணம் கொடுத்த கதையாகிறது. சேவா இதைக் கண்டுகொண்டு மாற்று வழிகளைச் சோதித்தது.

கூடலூர் ஆதிவாசிகள் என்ன செய்தார்கள்?

நீலகிரி மாவட்டத்தில் கூடலூர் பள்ளத்தாக்கில் பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர் முதலிய மக்களிடையே 1980-களின் நடுவில் அக்கார்டு என்ற அமைப்பு வேலை தொடங்கியது. நில உரிமைக்காகத்தான் முதலில் ஒன்றுசேர்ந்தார்கள். ஆதிவாசி முன்னேற்றச் சங்கம் அதில் பிறந்தது. பிறகு கிராமத்துக்கு ஒரு சுகாதாரப் பணியாளர், அப்புறம் 1990-ல் அஸ்வினி அமைப்பு நடத்தும் ஆதிவாசி ஆஸ்பத்திரி. நர்சுகள் அந்த மக்களிலிருந்தே வந்த பெண்கள். காப்பீடு வந்தது இவ்வளவும் முடிந்து, 1992-ல்.

இந்த வரிசையைக் கவனியுங்கள். பெரும்பாலான இடங்களில் காப்பீட்டு அட்டை முதலில் வரும், போவதற்கு ஆஸ்பத்திரி இருக்காது.

சங்கத்தில் இருப்பவர்களுக்குத்தான் காப்பீடு. சங்கத்து ஆட்களே ஊர்களுக்குப் போய்ச் சந்தா வாங்குவார்கள். மக்கள் கட்டுவது ஒரு பகுதி, மீதியை நன்கொடையிலிருந்து அக்கார்டு போடும். முதலில் நியூ இந்தியா அஷ்யூரன்ஸ், பின்னாளில் ராயல் சுந்தரம் என்று கம்பெனி மாறியது. நோயாளி ஆஸ்பத்திரிக்கு வந்தால் பணம் எடுக்க வேண்டியதில்லை, படிவம் நிரப்ப வேண்டியதில்லை. கம்பெனியோடு மல்லுக்கு நிற்பது ஆஸ்பத்திரி அலுவலகத்தின் தலைவலி. மேலே சொன்ன டைபாய்டு அக்காவின் பஸ் அலைச்சல் அங்கே யாருக்கும் கிடையாது.

ஆய்வு செய்தவர்கள், காப்பீடு எடுத்த குடும்பத்தினர் எடுக்காதவர்களைக் காட்டிலும் இரண்டு மடங்குக்கு மேல் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்ததைக் கண்டார்கள். நகரத்தில் இப்படி ஒரு எண் வந்தால் கம்பெனி பயந்துவிடும். காட்டுக்குள் வலியைப் பொறுத்துக்கொண்டு கிடந்த மக்கள் வைத்தியத்துக்கு வந்தார்கள் என்றால் அது திட்டத்தின் வெற்றிதான்.

காப்பீடு இருக்கிறதே என்று எல்லாரும் ஆஸ்பத்திரிக்கு ஓடமாட்டார்களா?

ஒரு நாள் கூலியை விட்டு, பஸ் காசு கொடுத்து, ஊசி போட்டுக்கொள்ள ஆசையாக வருகிறவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

தேவையில்லாத வைத்தியம் உண்டு, ஆனால் அது பெரும்பாலும் மறுபக்கத்திலிருந்து வருகிறது. விமோ சேவாவின் கிளெய்ம்களில் முன்னணியில் நின்ற காரணங்களில் ஒன்று கர்ப்பப்பை அகற்றுதல். செய்துகொண்டவர்களில் பலர் முப்பதுகளில் இருந்த பெண்கள். வெள்ளைப்படுதல், இடுப்பு வலி என்று போனவர்களிடம் ‘எடுத்துவிடலாம்’ என்றிருக்கிறார்கள். காப்பீட்டுக் கணக்கைப் பார்த்ததால்தான் இது வெளியே தெரிந்தது, சேவாவும் பெண்களிடம் இதுபற்றிப் பேச இறங்கியது. உங்கள் நிதியில் யார் கணக்கெழுதினாலும், எந்த ஆஸ்பத்திரியில் எந்த ஆபரேஷன் எத்தனை என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

பிரசவம், சர்க்கரை, பிரஷர் மாத்திரை எல்லாம் சேருமா?

காப்பீடு எதிர்பாராததற்குத்தான் சுலபமாகப் பொருந்தும். சேவாகிராமத்தில் இதை அழகாகப் பிரித்திருந்தார்கள்: திடீரென வரும் நோய்க்கு முழுவதும் இலவசம், முன்கூட்டியே தெரிகிற சுகப்பிரசவம், கண்புரை, குடலிறக்கம் போன்றவற்றுக்கு நோயாளியும் ஒரு பங்கு போட வேண்டும். மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்குக் காப்பீடு போட்டால் சந்தா ஏறும். அதற்கு ஆரம்ப சுகாதார நிலையம்தான் சரி.

சந்தா கட்டவே முடியாதவர்களை என்ன செய்வது?

அவர்களுக்கு வேறு யாராவது கட்ட வேண்டும். ஏழைகள் மட்டும் சேர்ந்து ஏழைகளின் வைத்தியச் செலவு முழுவதையும் தாங்கிய திட்டம் ஒன்றுகூட எனக்குத் தெரிந்து இல்லை. சுயஉதவி என்று மேடையில் பேசுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

ருவாண்டா ஊர்க் காப்பீட்டை 1999-ல் மூன்று மாவட்டங்களில் சோதனை ஓட்டமாகத் தொடங்கியது. படிப்படியாக நாடு முழுவதும் பரப்பி, மக்கள்தொகையில் பெரும்பகுதியைச் சேர்த்தது. 2011-ல் சந்தாவை மூன்று படியாக்கினார்கள்: தலைக்கு 2,000, 3,000, 7,000 ருவாண்டா பிராங்க். யார் எந்தப் படி என்பதற்கு ‘உபுதேஹே’ என்ற முறையில் ஊரார் கூடிச் செய்த வகைப்பாட்டை வைத்துக்கொண்டார்கள். 2,000 பிராங்க் படியில் இருந்த பரம ஏழைகளுக்கு அரசும் வெளிநாட்டு உதவியும் கட்டின. 2015-ல் நிர்வாகம் முழுவதும் சமூகப் பாதுகாப்பு வாரியத்திடம் போனது. அப்புறமும் அதை ஊர்க் காப்பீடு என்று சொல்லலாமா? எனக்குச் சந்தேகம்தான். நோயாளிக்கு அந்தச் சந்தேகம் இருக்காது.

பெரிதாக வளர்ந்து பிறகு விழுந்த திட்டங்கள் உண்டா?

உலகத்திலேயே பெரியது விழுந்திருக்கிறது. சீனாவில் 1970-களின் கடைசியில் பத்தில் ஒன்பது கிராமங்களில் கூட்டுறவு மருத்துவத் திட்டம் இருந்தது. கம்யூன் எனும் கூட்டுப் பண்ணையின் வருமானத்திலிருந்து பங்கு எடுத்து, கொஞ்ச நாள் பயிற்சி பெற்ற ஊர்க்காரர்களான ‘வெறுங்கால் மருத்துவர்’களை வைத்து நடத்தினார்கள். நிலம் குடும்பங்களுக்குப் பிரிக்கப்பட்டதும் கம்யூன் கணக்கு போயிற்று, அதோடு இதுவும். 80-களின் நடுவில் நூற்றுக்கு ஐந்து கிராமங்கள் அளவில்தான் மிஞ்சியது. 2003-ல் அரசு புதிதாகத் தொடங்கியபோது, குடும்பத்திடம் தலைக்கு 10 யுவான் வாங்கி, அரசு 20 யுவான் போட்டது.

கர்நாடகாவின் யசஸ்வினி காப்பீட்டுத் திட்டம் இன்னொரு பாடம். இதய மருத்துவர் தேவி ஷெட்டி முன்னின்று, கூட்டுறவுச் சங்க விவசாயிகளுக்காக 2003-ல் நடைமுறைக்கு வந்தது. மாதம் 5 ரூபாய், வருஷம் 60. பால் சங்கம், கடன் சங்கம் வழியாக வசூல் என்பதால் முதல் ஆண்டிலேயே சுமார் 16 லட்சம் பேர். ஆபரேஷனுக்கு மட்டும்தான், ஆனால் பில்லை ஆஸ்பத்திரியிலேயே கழித்துக்கொள்வார்கள். பிறகு கட்டணத்தை 120 ஆக்கியதும் உறுப்பினர் எண்ணிக்கை இறங்கியது. மாதம் ஐந்து ரூபாய் கூடியதற்கா என்று பெங்களூரில் கேட்கலாம். ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு ஒரே நாளில் எடுத்து வைக்க வேண்டியது 300-லிருந்து 600 ஆகிறது. 2018-ல் மாநிலப் பொதுத் திட்டத்தோடு சேர்க்கப்பட்டு, 2022-ல் மீண்டும் தனியாக வந்தது.

தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கும்போது இது எதற்கு?

நியாயமான கேள்வி. 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012-லிருந்து முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டமாக நடப்பதில் பிரீமியம் முழுவதையும் அரசே கட்டுகிறது. இதய ஆபரேஷன், புற்றுநோய் போன்ற பெரிய செலவை ஊர் நிதி தொடவே வேண்டாம், மேலே சொன்ன ஒன்றரை லட்சப் பிரச்சினை தீர்ந்தது.

மிச்சம் இருப்பது சின்னது, ஆனால் கடன் வாங்க வைப்பது: ஆஸ்பத்திரிக்குப் போகும் வண்டி வாடகை, வெளியே எழுதித் தரும் ஸ்கேன், துணைக்கு இருப்பவரின் சாப்பாடு, படுத்த நாள்களின் கூலி. ஜி.எச்.-ல் எல்லாம் இலவசம்தான், ஆனாலும் ராத்திரி பதினொரு மணிக்குக் கையில் ஆயிரம் ரூபாய் இல்லாமல் யாரும் கிளம்புவதில்லை. இன்று குழுக்கள் நிதி வைப்பதென்றால் இதற்குத்தான் வைக்கச் சொல்வேன். படுக்கும் நாளுக்கு இவ்வளவு என்று ஒரே தொகை, பில் கேட்காமல், டிஸ்சார்ஜ் தாளை மட்டும் பார்த்துக் கொடுங்கள்.

நாங்களே ‘காப்பீடு’ என்று போர்டு வைத்துத் தொடங்கலாமா?

போர்டு வைக்காதீர்கள். இந்தியாவில் காப்பீட்டுக் கம்பெனிக்குக் குறைந்தது 100 கோடி ரூபாய் மூலதனமும் ஒழுங்குமுறை ஆணையத்தின் உரிமமும் வேண்டும். 2005-ல் வந்த நுண்காப்பீட்டு (சிறு தொகைக் காப்பீட்டு) விதிகள், சுயஉதவிக் குழுவோ தொண்டு நிறுவனமோ கம்பெனிக்கு முகவராக இருக்க வழி செய்தன. குழுவுக்குள் உறுப்பினர்களே வைத்துக்கொள்ளும் அவசர நிதி வேறு கணக்கு. அதில்கூட இவ்வளவு கிடைக்கும் என்று வெளியாட்களுக்கு உறுதி கொடுத்து வசூலிக்கக் கூடாது.

ஒரு வருஷம் அவ்வளவாக யாரும் படுக்கவில்லை. மீதியைப் பிரித்துக்கொள்ளலாமா?

பொங்கல் நெருங்கும்போது இந்தக் கேள்வி வரும், புடவை எடுக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். போன வருஷம் படுத்த ஆள்களின் எண்ணிக்கையையும், அதற்கு முந்தின வருஷத்து எண்ணிக்கையையும் நோட்டில் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் படித்துக் காட்டுங்கள். டெங்கு வந்த வருஷம் ஒன்று எப்படியும் இருக்கும். ஒரு வருஷத்து மொத்தச் செலவு அளவுக்குக் கையிருப்பு சேரும்வரை தொட வேண்டாம் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதி, எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். முதல் கையெழுத்து புடவை கேட்டவருடையதாக இருக்கட்டும்.